மார்பகப் புற்றுநோய் மீண்டும் வருமா? கீரிமலையிலிருந்து ஒரு கேள்வி

கீரிமலைக் கேணியில் நீராடினால் நோய் தீரும் என்பது தலைமுறைகளாக நிலவும் நம்பிக்கை. நகுல முனிவரின் கீரி முகம் இங்குதான் மாறியது என்கிறது ஐதீகம். அந்தக் கேணியிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில், புற்றுநோய்க்கான சிகிச்சை நிலையம் இயங்குகிறது. 2011 ஆம் ஆண்டு தெவுந்தரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த நிதியில் உருவான நிலையம் அது. மகரகம வரை அலைய வேண்டிய தேவையை வடபகுதி நோயாளர்களுக்கு அது பெருமளவு குறைத்தது.

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணின் மனதில் நிற்பது ஒரே கேள்விதான்: திரும்ப வருமா? இப்போது அந்தக் கேள்விக்குப் புலம்பெயர் உறவுகளிடமிருந்தும் ஒரு பதில் வருகிறது. ‘இங்கே மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துத்தான் கீமோ கொடுக்கிறார்கள். அங்கே ஏன் செய்யவில்லை?’

நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டே அதைக் கேட்க வேண்டும்.

21 மரபணுக்களின் கணக்கு

உறவுகள் குறிப்பிடுவது பெரும்பாலும் ‘ஒன்கோரைப் டி.எக்ஸ்’ பரிசோதனையை. அகற்றிய கட்டியில் 21 மரபணுக்களின் செயற்பாட்டை அளந்து, 0 முதல் 100 வரை ஒரு புள்ளியைத் தரும். புள்ளி கூடினால் நோய் மீளும் ஆபத்தும் கூடும். 2018 இல் வெளியான ‘டெய்லர் எக்ஸ்’ ஆய்வு, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத நோயுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தது. 11 முதல் 25 வரை புள்ளி பெற்றவர்களில், ஓமோன் சிகிச்சை மட்டும் பெற்றோரில் 83.3 சதவீதத்தினரும், கீமோவும் சேர்த்துப் பெற்றோரில் 84.3 சதவீதத்தினரும் ஒன்பது ஆண்டுகளின் பின் நோயின்றி இருந்தனர். அதாவது பெரும்பாலானோருக்குக் கீமோ தேவைப்படவில்லை. 50 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான பெண்களில் மட்டும், 16 முதல் 25 வரையான புள்ளிகளில் கீமோவால் ஓரளவு பயன் தெரிந்தது.

ஆக, இந்தப் பரிசோதனையின் முதன்மையான பயன் தேவையற்ற கீமோவைத் தவிர்ப்பது. அதுவும் ஓமோன் வாங்கி உள்ள, ஹேர்-2 இல்லாத, ஆரம்ப நிலைப் புற்றுநோய்க்கு மட்டுமே. அமெரிக்காவில் இதன் விலை ஏறத்தாழ 4,000 டொலர். நமது பணத்தில் பத்து இலட்சம் ரூபாவைத் தாண்டும். பிரித்தானியாவில் தகுதியானவர்களுக்கு அரசு செலுத்துகிறது. இங்கே காணியை ஈடு வைத்துத்தான் செலுத்த வேண்டியிருக்கும்.

நான்கு புரதங்கள்

மரபணுவுக்குப் போகுமுன், சாதாரண நோயியல் ஆய்வுகூடத்தில் பார்க்கக்கூடிய நான்கு உயிர்க்குறிகாட்டிகள் உள்ளன. ஈஸ்திரஜன் வாங்கி, புரோஜெஸ்திரோன் வாங்கி, ஹேர்-2, கலங்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67. ஓமோன் வாங்கி இருந்தால் தமொக்சிபென் அல்லது லெட்ரோசோல் போன்ற மாத்திரை; ஹேர்-2 இருந்தால் ட்ராஸ்டுசுமாப். இந்த நான்கையும் சேர்த்துக் கணிக்கும் முறை, 21 மரபணுச் சோதனைக்கு ஏறத்தாழ நிகரான தகவலைத் தருவதாக 2011 இல் ஒரு பிரித்தானிய ஆய்வு காட்டியது. பெங்களூரில் உருவான ‘கேன் அசிஸ்ட்’ சோதனையும், வேறு ஐந்து புரதங்களைக் கொண்டு இதே வழியில்தான் செல்கிறது.

ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அகற்றிய கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் போர்மலினில் இட்டு, 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் வைத்திருக்க வேண்டும். இதில் பிழைத்தால் இருக்கும் வாங்கியும் ‘இல்லை’ என்று அறிக்கையில் வரலாம். அந்த ஒரு சொல், ஒரு பெண்ணுக்குப் பல ஆண்டுகள் கிடைத்திருக்க வேண்டிய மாத்திரையைப் பறித்துவிடும். கி-67 அளவும் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் மாறக்கூடியது. எனவே வடக்குக்கு முதலில் தேவைப்படுவது விலையுயர்ந்த இயந்திரமல்ல. போதிய நோயியல் நிபுணர்கள், தரக்கட்டுப்பாடு, தாமதமின்றிக் கைக்கு வரும் அறிக்கை ஆகியவையே.

இருபது ஆண்டுக் காவல்

ஐந்து ஆண்டு தமொக்சிபென், ஓமோன் வாங்கியுள்ள நோயில் 15 ஆண்டு கால மரணத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைக்கிறது. மலிவான மாத்திரை அது. 2022 நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்ததை மறக்க முடியாது. நோய் மீள்வதைக் கணிக்கும் பரிசோதனை பற்றிப் பேசும் அதிகாரிகள், அதைத் தடுக்கும் மாத்திரை தடையின்றிக் கிடைப்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

நோயும் நீண்டகாலம் காத்திருக்கக்கூடியது. ஐந்து ஆண்டுகள் ஓமோன் சிகிச்சை பெற்று நோயின்றி இருந்த 62,923 பெண்களின் தரவுகள் 2017 இல் ஆராயப்பட்டன. சிறிய கட்டி, கணுக்களில் பரவல் இல்லை என்ற நிலையிலும்கூட, அடுத்த 15 ஆண்டுகளில் உடலின் வேறிடத்தில் நோய் மீளும் ஆபத்து 13 சதவீதமாக இருந்தது. கணுக்களுக்குப் பரவியிருந்தோருக்கு அது இன்னும் அதிகம். ஐந்து வருடம் கடந்துவிட்டது, இனிக் கிளினிக் தேவையில்லை என்று நின்றுவிடுவது ஆபத்தானது.

1990 இல் உடுத்த உடையுடன் வெளியேறிய ஊர் கீரிமலை. ஒரு கடதாசி தொலைந்தால் என்ன நடக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நோயியல் அறிக்கையின் பிரதியை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். நான்கு குறிகாட்டிகளும் அதில் உள்ளனவா என்று கேளுங்கள். ஹேர்-2 முடிவு ‘ஐயம்’ என்றிருந்தால் அடுத்த சோதனை எப்போது என்று கேளுங்கள். பிறகு அந்தக் கடதாசியைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அது தேவைப்படலாம்.