இருட்டையும் விசாரித்துப் பெண் கொடுங்கள்

சகோதரிகளே, நான் நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோ என்ற கடற்கரைப் பட்டினத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண். இங்கே குளிர்காலம் வாறதை அறியக் கலண்டர் தேவையில்லை. முதலில் எதிர்மலை உச்சி வெளுக்கும், பிறகு அந்த வெள்ளை கிழமைக்குக் கிழமை கீழே இறங்கும். ஒக்டோபர் 16 இலிருந்து ஆணி பதித்த ரயர் போடலாம். தார் றோட்டில் அந்தக் கரகர சத்தம் கேட்டாலே எனக்கு மனசு சுருங்கும். பக்கத்து வீட்டு அம்மா மீனெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைப்பார். பெயரில் ‘ர’ வாற மாசமெல்லாம் குடிக்க வேணுமாம்!

நவம்பர் 27 அளவில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி மட்டும் உதிக்காது. மத்தியானத்தில் கொஞ்சம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். குளிரை உடுப்புப் போட்டுச் சமாளிக்கலாம், இருட்டை என்ன செய்யிறது?

ஊரில் கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையின் சம்பளம், வீடு, விசா எல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். அங்கே எத்தனை நாள் சூரியன் வராது, அவர் வேலைக்குப் போனால் பிள்ளை யாரோடு கதைக்கும் என்று கேட்கிறோமா? புதிதாக வந்த பெண்கள் சிலர் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தே கிடக்கிறார்கள். போனில் அழுதால் தாய்மார், “புருஷனோடு சண்டையோ?” என்கிறார்கள். சண்டையுமில்லை, ஒன்றுமில்லை. பாஷை தெரியாமல் நாலு சுவருக்குள் இருட்டோடு இருப்பதுதான் வருத்தம்.

“பாஷை பிறகு படிக்கலாம்” என்று கணவன்மார் சொல்வது சரியில்லை. தாய்மாரே, மகளை வகுப்பில் சேர்த்தாச்சா என்று மருமகனிடம் கேளுங்கள். ஒக்டோபருக்கு முதலே கேளுங்கள்.

– ஒரு வாசகி, ட்ரொம்சோ, நோர்வே