சுறாவுக்கு மாத்திரை!

மேல்நாட்டு நகரங்களிலே, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கடலைக் காட்டிக் காசு வாங்கும் காட்சிசாலைகள் பெருகியிருக்கின்றன. அங்கே சுறாவுக்கும் திருக்கைக்கும் விற்றமின் மாத்திரை ஊட்டுகிறார்கள். இரைமீனின் செவுளுக்குள் மாத்திரையைச் செருகிக் கொடுத்துவிட்டு, "இதைவிட நன்றாகப் பேணப்படும் மீன் எந்தக் கடலில் உண்டு?" என்று பெருமையும் பேசுகிறார்கள். அந்தப் பெருமையின் உள்ளீடு என்ன?

கீரிமலைக் கேணிக்கு அப்பால் விரிந்து கிடக்கும் கடலிலே திரியும் சுறாவுக்கு மருந்து கொடுப்பவர் எவருமில்லை. உயிருள்ள மீனையும் நண்டையும் கணவாயையும் தின்று, வேண்டிய சத்தை அது தானே தேடிக் கொள்கிறது. அயடீனைக் கடல்நீரே தருகிறது. பற்றாக்குறை பிறப்பது தொட்டியிலேதான். உறையவைத்த மீனில் விற்றமின்கள் வரவரக் குன்றுகின்றன. சாளையினத்து மீன்கள் சிலவற்றிலுள்ள நொதியம், குளிரறையில் கிடக்கும்போதும் தயமின் என்னும் பி1 விற்றமினைச் சிதைக்கிறது. கழிவினால் தொட்டிநீரில் பெருகும் நைத்திரேற்று, அயடீன் உடலிற் சேர்வதைத் தடுக்கிறது. நீரைத் துப்புரவாக்கப் பாய்ச்சும் ஓசோனோ, அயடீனை மீனுக்குப் பயன்படாத வடிவுக்கு மாற்றிவிடுகிறது. முடிவு? சுறாவின் தொண்டையிலே கழலை!

தொட்டியில் வளரும் மணற்புலிச் சுறாக்கள் சிலவற்றின் முதுகெலும்பு கோணிப் போவதுண்டு. அவற்றின் குருதியில் விற்றமின் சியும் துத்தநாகமும் குறைந்திருப்பதை ஆய்வாளர் கண்டனர்; நேராக நீந்த இடம் போதாமையையும் சுட்டினர். முன்னதற்கு மாத்திரை உண்டு. பின்னதற்கு எந்த மருந்துக் கடையிலே மாத்திரை விற்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொட் மீனெண்ணெய் இறக்குமதி தடைப்பட்டபோது, இந்தியாவிலே சுறாவின் ஈரலெண்ணெயைத்தான் விற்றமின் ஏக்காக வடித்துக் கொடுத்தார்கள். மனிதனுக்கே மருந்தளித்த பிராணியை நோயாளியாக்கியது எது? சிறை!

நோயுற்ற உயிருக்கு மருந்து வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, அது கொடுமை. ஆனால், சிறை பறித்ததில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுப்பதற்குக் கருணை என்று பெயர் சூட்டாதீர்கள் என்கிறோம்.

இந்த நியாயம் மீனோடு நின்றுவிடுவதன்று. 1990இல் கீரிமலை முதல் மயிலிட்டிவரை கடற்கரை மக்கள் போரினால் துரத்தப்பட்டனர். சுறா வறையும் திருக்கைக் குழம்பும் உண்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா ஆக்கிக் கொடுத்து வாழ்ந்த சமூகம், கடலுக்குச் சில கல் தொலைவிலிருந்த முகாம்களிலே நிவாரண அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றது. "சாப்பாடு கொடுக்கிறோமே, இன்னும் என்ன குறை?" என்று கேட்டவர்களும், கண்ணாடித் தொட்டியின் காவலர்களும் ஒரே பள்ளியில் படித்தவர்களே!

மயிலிட்டித் துறைமுகம் திரும்பியது 2017இல். இருபத்தேழு ஆண்டுகள்! அதே ஆண்டில் இழுவைமடித் தொழிலை இலங்கைச் சட்டம் தடை செய்தது. ஆயினும், பாக்கு நீரிணையைக் கடந்து வரும் இழுவைப் படகுகள் கடலடியைச் சுரண்டித் திருக்கையின் இரையையும் மீனவனின் சோற்றையும் ஒருங்கே அள்ளிச் செல்கின்றன. அந்தப் படகுகளிலே கூலிக்கு வரும் தமிழகத் தொழிலாளி நமக்குப் பகைவனல்லன். அவனை ஏவி இலாபம் எண்ணும் முதலாளியே பகைவன்.

கடலைக் கெடுத்துவிட்டுச் சத்துமாப் பொதி நீட்டுவது தீர்வாகாது. சுறாவுக்கு வேண்டியது கடல். கடற்றொழிலாளிக்கும் வேண்டியது அதுவே. மாத்திரையைக் காட்டி அதை மறைக்க எவரையும் விடோம்!