தோல்மடிப்பு அளவும் தெரிவுப் பட்டியலும்

டுபாயில் நடந்த 2022 ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில் இலங்கைத் துடுப்பாட்ட வீரர் பானுக ராஜபக்ஷ ஆட்டமிழக்காமல் 71 ஓட்டங்கள் எடுத்ததிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்கள் ஒன்றையே கேட்கின்றன: இலங்கை கிரிக்கெட் நிறுவனம் அதே ஆண்டு ஜனவரியில் இறுக்கிய உடற்தகுதி விதி பற்றி இந்தச் சஞ்சிகையின் நிலைப்பாடு என்ன? அந்த விதியிலிருந்த 2 கிலோமீற்றர் ஓட்டத்தில் எங்களுக்குப் பெரிய மறுப்பில்லை. தோலுக்கடியிலுள்ள கொழுப்பைக் கலிப்பரால் அளக்கும் தோல்மடிப்பு அளவைத் தெரிவுக்குத் தடையாக வைப்பதை எதிர்க்கிறோம்.

கலிப்பர் பிடித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முத்தலைத்தசையில் குறித்த புள்ளியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் விலகினாலே வாசிப்பு மாறும். அளப்பவர் மாறினால் இன்னொரு எண் வரும். ஒரே வீரரை ஒரே ஆள் மாதாமாதம் அளந்து போக்கைக் கவனிக்க அது நல்ல கருவி. துடுப்பின் வேகத்தை அது அளப்பதில்லை. 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்த அணி 170 எடுக்க, ராஜபக்ஷவின் 45 பந்துகளுக்குத் தேவைப்பட்டவை இடுப்புச் சுழற்சியும் நொடியில் வெடிக்கும் தசைவலுவும். கொழுப்பைக் குறைக்கப் போனால் அந்த வலுவும் குறையும் என்று அவர் அஞ்சியதாக அந்த ஜனவரியில், பின்னர் மீளப்பெற்ற ஓய்வை அறிவித்தபோதே செய்திகள் வந்தன. அந்த அச்சத்தை எந்தப் பயிற்றுநரும் அற்பமென்று தள்ள முடியாது.

ஓர் இன்னிங்ஸ் சான்றாகாது என்பீர்கள். சரி, 1982இல் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கையின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தை 18 வயதில் அடித்தவர் யார்? 1996 உலகக் கிண்ண லாகூர் இறுதியாட்டத்தில் 37 பந்துகளில் 47 எடுத்து நின்ற தலைவர் யார்? அர்ஜுன ரணதுங்கவின் வயிற்றைப் பற்றிப் பேசியவர்கள், பந்து எங்கே போகும் என்பதை முன்கூட்டியே படித்த அவர் கண்ணைக் கவனிக்கவில்லை.

டுபாய் இறுதியாட்டம் நடந்த அதே செப்டெம்பர் 11இல் எங்கள் வலைப்பந்தாட்ட அணி சிங்கப்பூரை 63–53 என வென்று ஆசியச் சம்பியன் பட்டத்தை எடுத்தது. அந்த அணியின் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் கோல் வட்டத்துக்குள் பெரும் பலமாக இருந்தது. நடுக்களத்தில் ஓடுபவருக்கு வேறு உடல் வேண்டும். எந்த இடத்துக்கு எந்த வேலை என்று பார்த்துத்தான் உடலை மதிப்பிட வேண்டும்.

எங்களுக்குப் பெரிய கவலை பாடசாலைகள்தான். மேலே ஒரு விதி வந்தால் கீழே அது தராசாக இறங்கிவிடுகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு வலைப்பந்தாட்டத் தெரிவில், வரிசையில் நின்ற பிள்ளைகளின் எடையை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் பெயர்களை வெட்டிக்கொண்டே போனதைக் கண்டோம். பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி பந்தைத் தொடாமலே வீடு போனாள். பருவமடையும் வயதில் கொழுப்பு கூடுவது வளர்ச்சி என்பது இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். உடற்திணிவுச் சுட்டெண் தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது என்பதும் தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும், ஆனாலும் எடைக்கொரு கட்டம் போட்ட படிவங்களே வருகின்றன. வெள்ளவத்தையில் ஓட இடமில்லாமல் சீமெந்து முற்றத்தில் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் கேட்டால் பதில் இல்லை. கலிப்பர் கேட்டால் இல்லை, அளக்கப் பயிற்சி கேட்டால் இல்லை. கொழுத்த பிள்ளையைக் கழிக்க மட்டும் அவசரம். கழிக்கப்படுவோமென்று பயந்து சாப்பாட்டைக் குறைத்து, மாதவிடாய் நின்றுபோன பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

பாய்ச்சலை அளவிடுங்கள், எறிதலை அளவிடுங்கள், மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு மீண்டும் அளவிடுங்கள். அடுத்த தெரிவுப் படிவத்தில் எடைக்கான கட்டத்தை வெறுமையாகவே விட்டு அனுப்புங்கள். காரணம் கேட்டால் இந்தப் பக்கத்தை இணைத்து அனுப்பலாம்.