எல்லாத்துக்கும் ‘கேஸ்’னு பேர் வைக்காதீங்க: மேல்வயிற்று எரிச்சல் சொல்ல வருவது என்ன?

இரவு 12 மணி. மாட்டுத்தாவணி பக்கம் பரோட்டா கடைகளில் இன்னும் கூட்டம் நிற்கிறது. தூங்கா நகரத்துக்கு அது அழகுதான். மறுநாள் காலை மேல்வயிறு எரியும்போது நம்மிடம் இருப்பது ஒரே வார்த்தை: ‘கேஸ்’. ஒரு பன்னீர் சோடா. அடங்கலையா? மெடிக்கல் ஷாப்பில், “அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை கொடுங்க.” வைத்தியம் முடிந்தது.

என்னைக் கேட்டால், பரோட்டாவைவிட அந்த வார்த்தைதான் ஆபத்து. நெஞ்செரிச்சல், இரைப்பை அழற்சி, அல்சர், சில நேரம் மாரடைப்பைக்கூட அதற்குள் போட்டு மூடிவிடுகிறோம்.

அமிலத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இரைப்பையின் உள்பக்கம் வழவழப்பான ஒரு படலம் உண்டு. அது பலவீனமாகி உள்சுவர் வீங்குவதுதான் இரைப்பை அழற்சி. தொப்புளுக்கு மேலே, மார்பெலும்புக்குக் கீழே எரிச்சல் அல்லது வலி, குமட்டல், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, பசியின்மை இதன் அறிகுறிகள். புளிப்பாக நெஞ்சுவரை எதுக்களித்தால் அது பெரும்பாலும் வேறு பிரச்னை. சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான் கொடுமை.

காரணம் கேட்டால் எல்லோரும் காரத்தைக் கைகாட்டுவார்கள். காரம் எரிச்சலைக் கிளப்பும், சரி. ஆனால் முக்கியக் குற்றவாளிகள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, வலி மாத்திரை, மது. டாக்டர்களே இந்தக் கிருமியை ரொம்ப காலம் நம்பவில்லை. 1984-ல் ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் அதை வளர்த்துத் தானே குடித்துவிட்டார்! சில நாட்களில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் இரைப்பை அழற்சி. 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி இருந்தால் கேஸ் மாத்திரை மட்டும் போதாது, ஆன்டிபயாடிக்கும் வேண்டும்.

நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது வலி மாத்திரையை. கழுத்துவலிக்கு டைக்ளோஃபெனாக், தலைவலிக்கு இபுபுரூஃபன் என்று நாமே வாங்கிப் போடுகிறோம். வலியைக் குறைக்கும் அதே வேலையில், இரைப்பைப் படலத்தைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின் சுரப்பையும் இவை குறைக்கின்றன. சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் ஆபத்து முழுசா போகாது. பிறகு அந்த எரிச்சலுக்கு பான்டோபிரசோல். எரிச்சல் அடங்கும், காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் நிறமோ தெரிந்தாலோ, உடனே மருத்துவமனை. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எதுவென்று டாக்டர் முடிவு செய்யட்டும். காரணமில்லாமல் எடை குறைந்தாலும் தள்ளிப்போடாதீங்க. மேல்வயிற்று வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடை அல்லது இடது கை வலி வந்தால் சோடா தேடக்கூடாது. 108-ஐ அழையுங்கள்.

இப்படி எதுவும் இல்லை, ஆனால் இரண்டு வாரமாக எரிச்சல் விடவில்லையா? அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே இரைப்பை, குடல் நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்துவிடலாம். அங்கே போய் “கேஸ், டாக்டர்” என்று ஆரம்பிக்காதீங்க. எந்த இடத்தில் வலி, சாப்பிட்டால் கூடுதா குறையுதா, கடைசியாக என்ன மாத்திரை போட்டீங்க என்று சொல்லுங்க. மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்க.