மாதிரி ரொக்கெட்டும் அதற்குற்ற துணைகளும்

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ந் திகதி சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணிலே செலுத்திற்று. அன்று தொட்டு அமெரிக்கச் சிறுவர் பலருக்கு ரொக்கெட் செய்யும் ஆசை மூண்டது. ஆசை நல்லதே, அதற்குப் பலர் கையாண்ட வழியே தீயது. இரும்புக் குழாயிலே தாமே கலந்த மருந்தை அடைத்தார்கள். குழாய் வெடித்துக் கைவிரல் இழந்தோரும் உளர். உயிர் இழந்தோரும் உளர்.

ஆர்வத்தை அடக்குவதா, ஆபத்தை அகற்றுவதா? இக்கேள்விக்கு விடை முன்னரே பிறந்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்து நோர்போக் நகரிலே சப்பாத்துக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல் என்பார், 1954இல் காகிதக் குழலாலும் இலேசான மரத்தாலும் ஒரு ரொக்கெட் அமைத்தார். மருந்து அடைத்த சிறு குழலைத் தனியாகச் செய்து, எரிந்து முடிந்ததும் மாற்றும்படி வைத்தார். ஏவுகணைத் தளத்திலே பணியாற்றிய ஹரி ஸ்ரைன் இம்முறையைப் பரப்பினார். 1957இலேயே இதற்கெனத் தேசிய சங்கமும் அங்கே தோன்றியது. மருந்து தொழிற்சாலைக்கு; கட்டுவதும் கணிப்பதும் சிறுவருக்கு. இப்பிரிவினையே இக்கலையின் உயிர்நாடி என்போம்.

இனி, துணைகளை நோக்குவோம்.

முதலாவது, சங்கத்தின் பாதுகாப்பு விதிகள். உடல் காகிதம், மரம், பிளாஸ்ரிக் போன்ற இலேசான பொருளாலேயே ஆதல் வேண்டும். தீக்குச்சி ஆகாது, தள்ளி நின்று மின்சாரத்தாற் பற்றவைத்தல் வேண்டும். சிறு குழலுக்கு 15 அடித் தூரம். பற்றாவிடின் மின் இணைப்பை நீக்கி, ஒரு நிமிடமேனும் கழியாமல் அணுகலாகாது. மின்கம்பியிற் சிக்கியதை எடுக்க முயலவே கூடாது.

இரண்டாவது, ஸ்ரைன் எழுதி 1965இல் முதன்முதல் வெளிவந்த மாதிரி ரொக்கெட் கைநூல். பின்னர் பல பதிப்புகள் கண்ட நூல் அது.

மூன்றாவது, குழலின் மேலுள்ள குறியீடு. 'சி 6-5' என்பதைக் காண்க. எழுத்து, மொத்தக் கணத்தாக்கின் அளவைக் குறிக்கும். எழுத்து ஒன்று ஏற அதன் உச்ச அளவு இரட்டிக்கும். 6 என்பது சராசரி உந்துவிசை, நியூற்றனில். 5 என்பது எரிந்தபின் பரசூட் வெளிப்படுமுன் கழியும் விநாடிகள்.

நான்காவது, ஒரு நூற்கயிறு. குழல் செருகிய ரொக்கெட்டை அதன் சமநிலைப் புள்ளியிற் கட்டித் தலைக்கு மேலே சுழற்றுக. மூக்கு முன்னோக்கிச் சென்றால் நன்று. தடுமாறினால் மூக்கிலே பாரம் சேர்க்க, அல்லது செட்டையைப் பெருப்பிக்க.

ஐந்தாவது, பாகைமானி. 100 மீற்றர் தொலைவில் நின்று உச்சியை 45 பாகையிற் கண்டால், கண்மட்டத்துக்கு மேல் உயரம் 100 மீற்றர். 60 பாகையாயின் ஏறத்தாழ 173 மீற்றர். தான்சன் அட்டவணையின் பயனை மாணவர் இங்கே கண்கூடாகக் காண்பர்.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஆலைக் குழல் கிடையாதவிடத்துப் பட்டாசு மருந்தைப் பிரித்தெடுத்து அடைக்க எவரையும் விடலாகாது. பிளாஸ்ரிக் போத்தலிலே சிறிது நீர் இட்டு, சைக்கிள் பம்பினாற் காற்றடைத்து, விலகி நின்று செலுத்தும் நீர் ரொக்கெட்டும் நியூற்றனின் மூன்றாம் விதியைச் செவ்வனே கற்பிக்கும். பிள்ளையின் ஆசை வானளாவட்டும். அவன் கைகள் பத்து விரலுடன் இருக்கட்டும்.