50 ஆட்டத்தில் 31 தோல்வி! மானேஜர் தலை தப்பியது எப்படி?

2019-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி. நியூயார்க் நகரின் சிட்டி பீல்டு மைதானத்தில் வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் கோஷ்டி தோற்றுப் போயிற்று. 6-க்கு 4. நாலு நாளில் நாலு ஆட்டம், நாலிலும் தோல்வி. மானேஜர் டேவ் மார்டினெஸ் அன்று அம்பயரோடு வாதாடி, ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். ஸீஸன் தொடங்கி ஐம்பது ஆட்டம் முடிந்திருந்தது. ஜெயித்தது 19, தோற்றது 31.

ரசிகர்கள் வாயில் ஒரே கேள்விதான்: மார்டினெஸின் சீட்டு எப்போது கிழியும்?

பேஸ்பாலில் மானேஜர் என்றால் ஆபீஸ் மானேஜர் அல்ல. யார் ஆடுவது, யார் எந்த வரிசையில் அடிப்பது, பந்து வீசுகிறவரை எப்போது மாற்றுவது என்று ஆட்டம் முழுவதும் தீர்மானிக்கிறவர். கோஷ்டி தோற்றால் ஆட்டக்காரர்கள் எல்லோரையும் துரத்த முடியாது. ஒரு மானேஜரைத் துரத்தலாம், செலவும் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாரத் தொடக்கத்தில் வேலை போகும் நிலையில் இருந்தவர் எதிர்க் கோஷ்டியான மெட்ஸின் மானேஜர் மிக்கி காலவே. வாஷிங்டனை நாலு தடவை மண்ணைக் கவ்வ வைத்ததில் அவருக்கு மூச்சு வந்தது. கத்தி மார்டினெஸின் கழுத்துக்கு மாறியது.

நாணயம் சுண்டிய கணக்கு

ஒரு ஸீஸனுக்கு ஒவ்வொரு கோஷ்டியும் 162 ஆட்டம் ஆட வேண்டும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினம் ஓர் ஆட்டம். இதில் நூற்றுக்கு அறுபது ஜெயிக்கிற கோஷ்டி தலைசிறந்தது. நாற்பது ஜெயித்தால் உதவாக்கரை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே உள்ள தூரம் இவ்வளவுதான்!

ஒரு ரூபாய் நாணயத்தை ஐம்பது முறை சுண்டிப் பாருங்கள். தலை 25, பூ 25 என்று ஒழுங்காக விழாது. தலை 19 முறையோ அதற்கும் குறைவாகவோ விழ, நூற்றுக்கு ஆறு பங்கு வாய்ப்பு உண்டு. மேஜர் லீகில் உள்ள கோஷ்டிகள் முப்பது. முப்பதும் சமபலம் என்றே வைத்துக்கொண்டாலும், ஐம்பதாவது ஆட்டத்தின் முடிவில் சுமார் இரண்டு கோஷ்டிகள் அதிர்ஷ்டக் குறைவினால் மட்டுமே இப்படி முக்காடு போட்டுக்கொண்டு நிற்கும். ரசிகனிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அடிக்க வருவான் என்பது வேறு விஷயம்.

இதே வாஷிங்டன் கோஷ்டி 2005-ம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து குடிபெயர்ந்து வந்தது. வந்த வருஷமே முதல் 81 ஆட்டத்தில் 50 வெற்றி! தலைநகரம் கொண்டாடியது. அடுத்த 81-ல் 31 மட்டுமே ஜெயித்து, தன் பிரிவில் கடைசி இடத்தில் போய் முடிந்தது. 2019-ம் ஆண்டிலும் சியாட்டில் மரினர்ஸ் முதல் 15 ஆட்டத்தில் 13 ஜெயித்துவிட்டு, கடைசியில் 94 தோல்வியோடு வீடு திரும்பியது.

அதற்காக ஆரம்ப ஆட்டங்களுக்கு அர்த்தமே இல்லை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 1984-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் 40 ஆட்டத்தில் 35 ஜெயித்தது. அந்த வருஷம் சாம்பியனும் அதுவே. 1988-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டத்தில் தோற்றதும் மானேஜர் கால் ரிப்கனை நீக்கினார்கள். அவருடைய பிள்ளைகள் இருவர் அதே கோஷ்டியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா போனார், மகன்கள் ஆடினார்கள். புதிதாக வந்தவர் பெரும் புகழ் பெற்ற பிராங்க் ராபின்சன். பலன்? மேலும் பதினைந்து ஆட்டம் வரிசையாகத் தோல்வி. மொத்தம் 21! அந்தக் கோஷ்டிக்கு வியாதி மானேஜரிடம் இல்லை, ஆட்களிடம் இருந்தது. வருஷ முடிவில் தோல்வி 107. (இதே ராபின்சன்தான் 2005-ல் வாஷிங்டனுக்கு முதல் மானேஜர்.)

விரலும் முழங்கையும்

ஆகவே எத்தனை தோல்வி என்பதைவிட எதனால் தோல்வி என்பதே முக்கியம். வாஷிங்டனுக்கு அந்த வசந்தத்தில் என்ன நேர்ந்தது?

முதலில் பிரைஸ் ஹார்ப்பர் போனார். கோஷ்டியின் பெரிய நட்சத்திரம். பதின்மூன்று வருஷத்துக்கு 33 கோடி டாலர் என்று பிலடெல்பியா பில்லீஸ் அவரைக் கொண்டுபோயிற்று. ஏப்ரல் 2-ந் தேதி அவர் எதிரியாக வாஷிங்டனுக்கு வந்தபோது ஜனங்கள் கூக்குரலிட்டார்கள். அவரோ ஹோம் ரன் அடித்துக் காட்டினார். அதே ஆட்டத்தில் வாஷிங்டனின் டிரே டர்னர், பந்தை மெல்லத் தட்டிவிடப் போய், அது கைவிரலில் பட்டு எலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் அவர் இல்லை. பிறகு ஆன்டனி ரெண்டானுக்கு முழங்கையில் அடி. ரயன் ஸிம்மர்மனுக்குப் பாதத்தில் வலி. இருபது வயது ஹுவான் சோட்டோவுக்கு முதுகுப் பிடிப்பு. இவையெல்லாம் ஆறக்கூடிய காயங்கள்.

ஆறாத காயம் ஒன்றும் இருந்தது. பேஸ்பாலில் ஒருவரே ஒன்பது இன்னிங்ஸும் பந்து வீசுவது இப்போது அரிது. முதல் ஐந்தாறு இன்னிங்ஸைப் பெரிய ஆள் வீசுவார். பிறகு மாற்று ஆட்கள் வந்து முடிப்பார்கள். இந்த மாற்றுப் பட்டாளத்துக்குப் ‘புல்பென்’ என்று பெயர். வாஷிங்டனின் புல்பென் ஓட்டைப் பானை. மே 22-ந் தேதி மாக்ஸ் ஷெர்ஸர் ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்காமல், 1-க்கு 0 என்ற முன்னணியை ஒப்படைத்துவிட்டுப் போனார். எட்டாவது இன்னிங்ஸில் புல்பென் ஆறு ரன் கொடுத்தது. அதில் மூன்று, மெட்ஸின் 38 வயது ராஜை டேவிஸ் அடித்தவை. மைனர் லீகிலிருந்து அழைப்பு வந்து, ஆட்டம் தொடங்கிய பிறகு வாடகைக் காரில் வந்து இறங்கிய மனிதர்!

இதற்கு முன்பே, மே 2-ந் தேதி, பந்து வீச்சுப் பயிற்சியாளர் டெரக் லில்லிக்விஸ்டை நீக்கியாயிற்று. அடுத்த பலி மார்டினெஸ் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் கோஷ்டியின் ஜெனரல் மானேஜர் மைக் ரிஸ்ஸோ கை வைக்கவில்லை. விரல் ஒடிந்ததற்கும் முதுகு பிடித்ததற்கும் மானேஜர் பொறுப்பாளி அல்ல. ஓட்டைப் புல்பென்னைச் சேர்த்துக் கொடுத்ததோ ரிஸ்ஸோவேதான்!

காயம்பட்டவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஜூன் 18-ந் தேதி பயிற்சியில் பந்து பட்டு ஷெர்ஸரின் மூக்கு உடைந்தது. மறுநாள், கண்ணுக்கடியில் கன்றிப்போன முகத்தோடு ஏழு இன்னிங்ஸ் வீசினார். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஜூன் முடிவதற்குள் வெற்றியும் தோல்வியும் சமமாயின. அந்த 19-31-க்குப் பிறகு ஆடிய 112 ஆட்டத்தில் 74 வெற்றி.

புல்பென் மட்டும் கடைசிவரை திருந்தவில்லை. ஸீஸன் முழுதும் அது ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.66 ரன் வீதம் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஜூலைக் கடைசியில் டேனியல் ஹட்சன் முதலிய மூவரை வாங்கிப் பார்த்தார்கள். அக்டோபரில் மார்டினெஸ் வேறு வழி கண்டார்: தொடக்க வீச்சாளர்களையே இடையிலும் இறக்கினார். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற நிலை ஐந்து முறை வந்தது. ஐந்திலும் முதலில் பின்தங்கி, பிறகு ஜெயித்தது வாஷிங்டன். அக்டோபர் 30-ந் தேதி ஹூஸ்டனில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் ஷெர்ஸருக்குப் பின் பாட்ரிக் கார்பின், அவருக்குப் பின் ஹட்சன். 6-க்கு 2. வாஷிங்டன் நகரம் 1924-க்குப் பிறகு முதல் முறையாக உலக சாம்பியன்!

காலவேயின் மெட்ஸ் அந்த வருஷம் 86 ஆட்டம் ஜெயித்தது. ஆனாலும் அக்டோபர் மாதத் தொடக்கத்திலேயே அவரை நீக்கிவிட்டார்கள்.

மார்டினெஸ் மேலும் சில வருஷம் இருந்தார். 2022-ல் கோஷ்டி 107 ஆட்டம் தோற்றது; சோட்டோவையும் அந்த வருஷம் விற்றுவிட்டார்கள். அப்போதும் அவர் வேலை தப்பியது. 2025-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, 37 வெற்றி 53 தோல்வி என்ற கணக்கில், மார்டினெஸை நீக்கினார்கள். அதே நாளில் ரிஸ்ஸோவையும் சேர்த்து அனுப்பினார்கள்.