பரிவு மட்டும் போதுமா?

கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் சூழ்ந்த இவ்வூரில் பகலெல்லாம் சுற்றுப்பயணிகளின் நடமாட்டம் மிகுந்திருக்கும். இரவிலோ வெப்பநிலை 15 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும். அவ்வேளையில் உணவுக்கடைகளின் பின்புறமும் தோட்டத்து வீடுகளின் படிக்கட்டுகளின் அடியிலும் ஒண்டிக் கிடக்கும் தெருப் பூனைகளுக்கு யார் துணை? மீந்த மீனையும் சோற்றையும் இட்டால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். அது நல்ல எண்ணமே. ஆயினும், அது பாதி உதவிதான் என்பது என் கருத்து.

ஏன் அவ்வாறு கூறுகிறேன்? பெண் பூனை ஆறு மாதம் நிறைவதற்கு முன்பே கருவுறக்கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் அது குட்டி போடும். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை பிறப்பது இயல்பு. குளிர்நாடுகளில் பகல்பொழுது குறையும் மாதங்களில் பூனைகளின் இனப்பெருக்கம் தணிந்துவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் நாட்டில் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. எனவே, இங்கு ஆண்டு முழுவதும் குட்டிகள் பிறக்கின்றன. உணவை மட்டும் இட்டுக்கொண்டிருந்தால், இன்று இரண்டு பூனைகள் இருக்கும் இடத்தில் அடுத்த ஆண்டு பத்துப் பூனைகள் இருக்கும். அவற்றுள் பல, குளிருக்கும் நோய்க்கும் வாகனங்களுக்கும் இரையாகும். பசியைப் போக்க நினைத்த நாமே பசித்த வயிறுகளைப் பெருக்கியவர்கள் ஆவோம்.

ஆகவே, உணவோடு கருத்தடையும் சேர வேண்டும். பூனையைக் கூண்டில் பாதுகாப்பாகப் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்வித்து, உடல் தேறியதும் அது வாழ்ந்த இடத்திலேயே விடுவது உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படும் முறையாகும். மயக்க நிலையில் இருக்கும்போதே அதன் ஒரு காதின் நுனியைச் சிறிதளவு வெட்டிவிடுவர். அவ்வடையாளத்தைக் கண்டால் அப்பூனையை மறுபடியும் பிடிக்கத் தேவையில்லை. இதனால் காட்டுயிர்களுக்கும் நன்மை உண்டு. பிரிஞ்சாங் மலையுச்சியில் பாசி படர்ந்த காடு இருக்கிறது. பூனைகள் அளவின்றிப் பெருகினால் அங்குள்ள சிறு பறவைகளும் பாதிக்கப்படும்.

குட்டிகளைக் காப்பதற்கும் அறிவு தேவை. தனித்துக் கிடக்கும் குட்டியைக் கண்டவுடன் தூக்கிச் செல்வது சரியன்று. தாய்ப்பூனை இரை தேடச் சென்றிருக்கலாம். சற்றுத் தொலைவில் நின்று கவனிக்க வேண்டும். தாய் திரும்பவில்லை என்று உறுதியானால் முதலில் குட்டிக்கு வெப்பம் அளிக்க வேண்டும். பிறந்த சில வாரங்களுக்குக் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. வெதுவெதுப்பான நீர் நிறைந்த புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். உடல் சில்லிட்ட குட்டிக்கு உடனே பால் புகட்டினால் அதன் உயிருக்கே ஆபத்து. பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவே ஏற்றது.

“மனிதருக்கே உதவ ஆளில்லை, பூனைக்கு ஏன் செலவு?” என்று சிலர் கேட்கின்றனர். அக்கேள்வியைப் புறக்கணிக்க முடியாது. தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற்கு அறுவைச் சிகிச்சைச் செலவு சுமைதான். ஆனால், ஒரு வரிசையில் வாழும் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் அச்சுமை குறையும். மேலும், கருத்தடை செய்த பூனை எலி பிடிப்பதை நிறுத்திவிடாது. எலிகளை ஒழிக்க நஞ்சு வைத்தால், அதைத் தின்ற எலியை உண்ணும் பூனையும் ஆந்தையும் மடியும். பூனைகளைப் பேணுவது மனிதருக்கும் பயன் தருவதே.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் நடப்பில் உள்ளது. விலங்கை வதைப்போருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டுக்கு மேற்போகாத சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வதையைக் கண்டால் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடம் புகார் அளிக்கலாம். எனினும், சட்டம் வதைப்பவரைத் தண்டிக்குமே தவிர, குளிரில் நடுங்கும் குட்டிக்கு அடைக்கலம் தராது. அது நம் கையில்தான் உள்ளது.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனும் மலைநாட்டுத் தலைவனே. மயில் போர்வையை உடுத்தாது என்று அறிந்தும் அவன் அதனை ஈந்தான். அதனைச் சான்றோர் ‘கொடைமடம்’ எனப் போற்றினர். பேகனின் ஈரநெஞ்சம் நமக்கும் வேண்டும். ஆனால், எது உண்மையில் உதவும் என்று எண்ணிப் பார்க்கும் அறிவும் உடன் வேண்டும். மாணவர்கள் பூனைகளைக் கணக்கெடுக்கலாம். கருத்தடைக்கு நிதி திரட்டலாம். குட்டிகளுக்கு நல்ல வீடு தேடித் தரலாம். வளர்க்க இயலாதவர், பூனையை வாங்காமல் இருப்பதும் ஓர் உதவியே. பரிவோடு பொறுப்பும் சேர்ந்தால்தான் அடுத்த மழைக்காலத்தில் குளிரில் நடுங்கும் குட்டிகளின் எண்ணிக்கை குறையும்.